குட்டியானைக்குள்ள சாமான் அடுக்குறதுலதான் உங்க ஈஎம்ஐ இருக்கு: மொபைல் கிளீனிங் வண்டி கணக்கு



சைடு பிசினஸ் பத்தி எந்த வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வருது. "சார், சோபா கிளீனிங், வாட்டர் டேங்க் கிளீனிங், கார் வாஷ் எல்லாத்தையும் ஒரு சின்ன வண்டியில வச்சு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். லோன் எவ்வளவு எடுக்கலாம்?" கேட்கிறவங்க பெரும்பாலும் 25லிருந்து 32 வயசுக்குள்ள இருப்பாங்க. மாசச் சம்பளம் வரும். கையில் மூணு, நாலு லட்சம் சேமிப்பு. ஊர்ல சும்மா இருக்கிற மாமா பையன் வண்டி ஓட்ட ரெடி. சென்னையில் மேடவாக்கம், பெரும்பாக்கம், ஓஎம்ஆர் பக்கம் இருக்கிற ஃபிளாட்டுகளை எண்ணிப் பார்த்தா வேலைக்கும் பஞ்சமில்லைன்னு தோணும்.

நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி வட்டி பத்தி இல்ல. "வண்டிக்குள்ள எது எங்க இருக்கப் போகுது? ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டுங்க." ஆடிட்டர் ஏன் ரேக் பத்திக் கேட்கிறார்னு முழிப்பாங்க. காரணம் சொல்றேன். இந்தத் தொழில்ல நாம விற்கிறது நேரத்தைத்தான். வண்டிக்குள்ள தொலையுற ஒவ்வொரு நிமிஷமும் நீங்க பில் போட முடியாத நிமிஷம்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு வேலைக்குச் சராசரி பில் ரூ.1,500. இரண்டு பேர், ஒரு நாளைக்கு மூணு வேலை. ஒவ்வொரு இடத்திலும் சாமான் இறக்க, தேட, திரும்ப ஏத்த மொத்தம் 50 நிமிஷம் போகுதுன்னு வைங்க. உள்ளே ஒழுங்கா அடுக்கி அதை 20 நிமிஷமாக்கினா, மூணு வேலைக்கு 90 நிமிஷம் மிச்சம். அது இன்னொரு வேலைக்கான நேரம். அந்த நாலாவது வேலையில் கெமிக்கல் ரூ.150, பெட்ரோல் ரூ.150, பசங்களுக்கு ஊக்கத்தொகை ரூ.200 போக ரூ.1,000 நிக்கும். ஏன்னா அன்னைக்குக் கூலி, வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் முதல் மூணு வேலையிலேயே அடங்கிடுச்சு. மாசம் 24 வேலை நாள்ல பாதி நாள்தான் நாலாவது வேலை கிடைக்குதுன்னாலும் ரூ.12,000. இப்போ லோன் பக்கம் வாங்க. ரூ.5 லட்சம், 11 சதவீதம், 4 வருஷம்னா ஈஎம்ஐ சுமார் ரூ.12,900. புரியுதா? உங்க ஈஎம்ஐ-யில் கிட்டத்தட்ட முழுசும் வண்டியின் உள் அமைப்பிலிருந்தே வரலாம், அல்லது அதிலேயே போகலாம்.

முதல்ல எடை, அப்புறம்தான் இடம்

எல்லாரும் இடத்தைத்தான் பார்க்கிறாங்க. "பின்னாடி இவ்வளவு இடம் இருக்கே, 500 லிட்டர் டேங்க் போடலாம்." போட முடியும். போடலாமாங்கிறதுதான் கேள்வி. தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ. 500 லிட்டர்னா அரை டன்.

வண்டியோட ஆர்சியை எடுங்க. அதில் அன்லேடன் வெயிட், கிராஸ் வெயிட்னு இரண்டு எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைக்கிற மொத்த அளவு. அந்த அளவுக்குள்ளதான் டிரைவரும் ஹெல்பரும் வரணும், ஏன்னா சட்டப்படி அன்லேடன் வெயிட்டில் ஆட்களோட எடை சேராது. இதை நிறைய பேர் மறந்துடுறாங்க.

வித்தியாசம் 750 கிலோன்னு வச்சுக்குவோம். இரண்டு பேர் 140. ரேக் 60. ஜெனரேட்டர் 45. ப்ரஷர் வாஷர் 35. வாக்குவம் இரண்டு, 30. ஹோஸ், கேபிள், ஏணி 50. கெமிக்கல் 40. ஆக மொத்தம் 400. தண்ணிக்கு மிச்சம் 350 கிலோ. இது பாடி எடை ஏற்கெனவே ஆர்சியில் சேர்ந்திருந்தா. மூடின பாடியைத் தனியா கட்டினா அதன் எடையையும் இதிலிருந்து கழிக்கணும். பாடி மாத்தினதை ஆர்டிஓ ஆபீஸில் ஆர்சியில் பதியவும் வேணும்.

இந்தக் கணக்கில் 500 லிட்டர் டேங்க்கை நிரப்பினா 150 கிலோ ஓவர்லோடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் ஓவர்லோடுக்கு அபராதம் ரூ.20,000. கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 தனி, அதிகப்படியான சுமையை இறக்குற செலவும் உங்களோடது. ஒரே ஒரு தடவை மாட்டினா அந்த மாசத்து எக்ஸ்ட்ரா வேலைகள் எல்லாம் போச்சு.

என்னைக் கேட்டா 150 லிட்டர் அளவில் இரண்டு டேங்க் போதும். இரண்டா இருக்கிறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாதி நிரம்பின டேங்க்தான் ஆபத்து. பிரேக் அடிக்கும்போது உள்ளே தண்ணி முன்னும் பின்னும் அலையடிச்சு வண்டியைத் தள்ளும். இரண்டு சின்ன டேங்க்னா ஒண்ணை முழுசா காலி பண்ணிட்டு அடுத்ததைத் தொடலாம். அலையடிக்கிற தண்ணியும் குறைவு. பெரிய டேங்க்தான் வேணும்னா உள்ளே தடுப்பு வச்சதா வாங்குங்க.

இடம் கேபினுக்கு நேர் பின்னால, தரையோட தரையா, நடுவில். பின் கதவுப் பக்கம் டேங்க் வச்சா பின் சக்கரத்துக்கு அப்பால் எடை தொங்கும், முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடிமானம் குறையும். "பின்னாடி இருந்தா பைப் மாட்ட ஈசி"ன்னு ஃபேப்ரிகேஷன் கடையில் சொல்லுவாங்க. பைப்பை நீளமா இழுத்துக்கலாம், எடையை இழுக்க முடியாது. டேங்க்கைச் சும்மா வைக்காம இரும்பு ஃபிரேமுக்குள்ள உட்கார வச்சு ராட்செட் பெல்ட்ல இறுக்கிக் கட்டுங்க.

இதைவிட முக்கியமா ஒண்ணு யோசிங்க. தண்ணி உண்மையிலேயே சுமக்கணுமா? ஃபிளாட்டுக்குள்ள சோபா, டேங்க் வேலைக்கு வாடிக்கையாளர் வீட்டுத் தண்ணியே கிடைக்கும். ரோட்டோர கார் வாஷுக்கும், கோடையில் லாரித் தண்ணி வாங்குற அபார்ட்மென்டுக்கும்தான் சொந்தத் தண்ணி தேவை. 2019 கோடையில் சென்னை பட்ட பாடு தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. ஜெனரேட்டருக்கும் இதே கேள்விதான். வீட்டு வேலைகள்ல 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் கிடைச்சா ஜெனரேட்டர் இறக்கவே தேவையில்ல. தினமும் 45 கிலோவைச் சும்மா சுமந்துக்கிட்டு பெட்ரோல் எரிக்கிறதுக்குப் பதிலா, தேவைப்படும் நாளுக்கு வாடகைக்கு எடுங்க.

கதவைத் திறந்தா என்ன தெரியணும்

நம்ம ஊர்ல வண்டி இடது பக்கம்தான் ஓரங்கட்டும். அதனால ஹோஸ் ரீல், ப்ரஷர் வாஷர், கன் எல்லாம் இடது சுவரோரம், பின் கதவை ஒட்டி இருக்கட்டும். இடது பக்கக் கதவு இருக்கிற பாடின்னா இன்னும் நல்லது. வலது பக்கம் வச்சா உங்க பையன் ட்ராஃபிக் பக்கம் நின்னு ஹோஸ் இழுப்பான். அது நேர விரயம் மட்டும் இல்ல, உயிர் சமாச்சாரம்.

டேங்க்கிலிருந்து பம்புக்குத் தண்ணி தானா இறங்கணும். அதாவது டேங்க்கோட வெளியேறும் வாய் பம்பின் இன்லெட்டைவிட உயரமா இருக்கணும். காத்து இழுத்து ஓடுற பம்ப் சீக்கிரம் கெட்டுப் போகும். இன்லெட் ஃபில்டர் கைக்கு எட்டுற இடத்தில் இருக்கட்டும், இல்லைன்னா யாரும் கழுவ மாட்டாங்க.

வலது சுவர் ஷெல்ஃபுக்கு. கெமிக்கல் கேன்கள் கீழ்த் தட்டில், விளிம்பு உயர்ந்த ட்ரேயில். கீழே வைக்கச் சொல்றது எடைக்காக மட்டும் இல்ல, மேலிருந்து கொட்டினா மூஞ்சியில் விழும். இங்க ஒரு விஷயத்தில் விளையாடவே கூடாது. டாய்லெட் ஆசிடும் ப்ளீச்சும், அதாவது ஹைப்போவும், ஒரே ட்ரேயில் இருக்கவே கூடாது. இரண்டும் கசிஞ்சு கலந்தா குளோரின் வாயு வரும். மூடின வண்டிக்குள்ள அது ஆளைச் சாய்ச்சிடும். ஒண்ணு முன்பக்க மூலை, இன்னொண்ணு பின்பக்க மூலை. நடுவில் ஒரு தடுப்பும் வைங்க.

ஹைப்போ பத்தி ஒரு பணக் கணக்கும் இருக்கு. மொத்தமா வாங்கினா லிட்டருக்கு விலை குறையும்னு பெரிய கேனா வாங்கி வண்டியிலேயே வச்சிருப்பாங்க. மே மாசத்து வெயிலில் மூடின தகர பாடி அடுப்பு மாதிரி. சூட்டில் ஹைப்போவோட வீரியம் இறங்கிக்கிட்டே போகும். அப்புறம் ஒரு மூடி ஊத்துற இடத்தில் மூணு மூடி ஊத்துவாங்க. மிச்சம் பிடிச்ச காசு அங்கேயே போயிடும். வீட்டில் நிழலில் ஸ்டாக் வைங்க, வண்டியில் அன்னைக்குத் தேவையானது மட்டும்.

ஜெனரேட்டர் வச்சே ஆகணும்னா பின் கதவு ஓரம், இரண்டு பேர் நேரா தூக்கி இறக்குற மாதிரி. மூடின பாடிக்குள்ள அதை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பெட்ரோல் கேனையும் கெமிக்கல் தட்டையும் பிரிச்சு வைங்க.

எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுருள்ல பாதி விட்டுட்டு ப்ரஷர் வாஷர் ஓட்டுறதைப் பல இடத்தில் பார்க்கிறோம். சுருண்ட கேபிள் சூடாகி உருகும். முழுசா பிரிச்சுதான் ஓட்டணும், ரீலை அதுக்கு ஏத்த மாதிரி சட்டுனு பிரியுற இடத்தில் மாட்டணும்.

துணி விஷயம் சின்னதா தெரியும், ஆனா வாடிக்கையாளர் கவனிக்கிறது அதைத்தான். சுத்தமான மைக்ரோஃபைபர் துணி மேல் தட்டில், கலர் வாரியா: டாய்லெட்டுக்கு ஒரு கலர், கிச்சனுக்கு ஒரு கலர். அழுக்குத் துணி மூடி போட்ட பக்கெட்டில், கதவுக்குப் பக்கத்தில். வாக்குவத்தில் இருக்கிற அழுக்குத் தண்ணியை அந்த இடத்திலேயே அனுமதி கேட்டு டாய்லெட்டில் கொட்டிட்டுத்தான் கிளம்பணும். 20 லிட்டர் சாக்கடைத் தண்ணியோட அடுத்த வீட்டு சோபாவுக்குப் போனா வாசனையே உங்க ரேட்டிங்கைச் சொல்லிடும்.

வெல்டிங் வைக்காதீங்க, இப்போதைக்கு

என்கிட்ட கணக்கு பார்க்க வர்ற ஒரு தம்பி நல்ல வேலை ஒண்ணு பண்ணார். வண்டி புக் பண்றதுக்கு முன்னாடியே வீட்டு கார் பார்க்கிங்கில் அந்த வண்டியோட உள் அளவைச் சாக்பீஸில் வரைஞ்சுட்டார். பிளாஸ்டிக் கிரேட்டுகளில் சாமானைப் போட்டு அந்தக் கோட்டுக்குள்ள அடுக்கிப் பார்த்தார். அப்புறம் ஆப் மூலம் கிடைக்கிற லோடு வண்டியை வாடகைக்கு எடுத்து, அதே கிரேட்டுகளோட பத்துப் பன்னிரண்டு வேலை முடிச்சார். எந்தக் கிரேட் ஒவ்வொரு வீட்டிலும் இறங்குது, எது ஒரு தடவைகூட இறங்கலைன்னு மனைவி ஒரு நோட்டில் எழுதி வச்சாங்க. வாங்க நினைச்ச சாமான் பட்டியலில் மூணு ஐட்டம் அடிபட்டுப் போச்சு. அதில் ஒண்ணு ஜெனரேட்டர்.

அதனால முதல் ஆறு மாசம் ஸ்லாட்டட் ஆங்கிள், போல்ட் நட்டு ரேக் போதும். தட்டு உயரத்தை ஏத்தலாம், இறக்கலாம். வண்டியை வித்தாலும் ரேக் உங்களோடதுதான். வெல்டிங் வச்ச ரேக்குக்கு ரீசேல்ல யாரும் தனியா காசு தர மாட்டாங்க.

எல்லாம் ஏத்தி முடிச்சதும், தண்ணி நிரப்பி, இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒரு எடை மேடைக்குப் போய் எடை போடுங்க. அந்தச் சீட்டை வண்டியிலேயே வைங்க. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஃபோட்டோ, பில், சீரியல் நம்பர் போட்டு ஒரு ஷீட் ரெடி பண்ணுங்க. சாயங்காலம் அந்த ஃபோட்டோவைப் பார்த்து எண்ணினா, எந்த வீட்டில் நாசில் விட்டுட்டு வந்தாங்கன்னு அன்னைக்கே தெரியும். வருஷக் கடைசியில் அதே ஷீட்தான் எனக்குத் தேய்மானக் கணக்கு போட வேணும்.

திருட்டு போனா இன்னும் முக்கியம். ராத்திரி தெருவில் நிறுத்துற வண்டிக்குள்ள இருக்கிற வாக்குவம், வாஷருக்கெல்லாம் வண்டி இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. வண்டியோட பொருத்தின கூடுதல் சாமானை மதிப்போட அறிவிச்சு பிரீமியம் கட்டணும். கழட்டக்கூடிய மெஷினுக்குத் தனி பாலிசி எடுக்கணும்.

லைசென்ஸ் பத்தியும் கேட்பீங்க. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எல்எம்வி லைசென்ஸே போதும்னு 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. வண்டி மஞ்சள் போர்டு. கிராஸ் வெயிட் 3,000 கிலோ தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம், ஆனா எஃப்சி வேணும்.

இனி என் ஏரியா

ரேக் அடிக்கிற இடத்தில் "பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்"னு சொல்லுவாங்க. ரூ.35,000 ரேக்கை மொத்தமா ரொக்கமா கொடுத்தீங்கன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒரு சொத்து வாங்க ஒரே நாளில் ஒருத்தருக்கு ரூ.10,000-க்கு மேல ரொக்கமா கொடுத்தா, அந்தத் தொகை சொத்தோட அடக்க விலையில் சேராது. சேராத தொகைக்குத் தேய்மானமும் கிடையாது. யுபிஐ-ல அனுப்புங்க, பில் வாங்குங்க.

வண்டிக்கும் மெஷினுக்கும் தேய்மானம் 15 சதவீதம். "கமர்ஷியல் வண்டிக்கு 30 தானே"ன்னு வாதாடுவாங்க. 30 சதவீதம் வண்டியை வாடகைக்கு ஓட்டுறவங்களுக்கு. நீங்க சொந்த வேலைக்குச் சாமான் ஏத்துறீங்க, அதனால 15தான். வாங்கின வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதிலும் பாதி. உத்தேச வருமான முறையில், அதாவது நமக்கெல்லாம் 44ஏடி-ன்னு பழகின முறையில், வருமானம் காட்டினா தேய்மானம் தனியா கழிக்க முடியாது. வரவில் டிஜிட்டலா வந்ததுக்கு 6 சதவீதம், ரொக்கமா வந்ததுக்கு 8 சதவீதம் லாபம்னு எடுத்துக்குவாங்க. நிஜத்தில் இதைவிட அதிகம் சம்பாதிச்சா அதிகத்தைத்தான் காட்டணும்.

சம்பளக்காரங்களுக்கு மூணு விஷயம் கட்டாயம் தெரியணும். ஒண்ணு, முதல் வருஷம் தொழிலில் ரூ.80,000 நஷ்டம்னா அதைச் சம்பளத்தில் கழிச்சு டிடிஎஸ் ரீஃபண்ட் வாங்க முடியாது. தொழில் நஷ்டம் சம்பளத்தோட ஒட்டாது. கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டா மட்டும் 8 வருஷம் வரைக்கும் எடுத்துட்டுப் போய் தொழில் லாபத்தில் கழிக்கலாம். இரண்டு, பழைய வரி முறை, புதிய வரி முறைன்னு வருஷா வருஷம் மாத்துற வசதி தொழில் வருமானம் வந்ததும் போயிடும். பழைய முறையைத் தேர்ந்தெடுத்தா, புதிய முறைக்கு ஒரு தடவைதான் திரும்பலாம், அதுக்கப்புறம் தொழில் வருமானம் இருக்கிற வரை பழையதுக்கு வழி இல்ல. ஹோம் லோன் வட்டி கழிக்கிறவங்க இதை வண்டி புக் பண்றதுக்கு முன்னாடியே கணக்குப் போடுங்க. மூணு, ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வேற தொழில் செய்யக்கூடாதுன்னு இருந்தா, "மனைவி பேர்ல ஆரம்பிச்சுடுறேன்"னு சுலபமா சொல்லிடுறோம். பணம் உங்களோடதா இருந்து, அதை அவங்களுக்குச் சும்மா கொடுத்திருந்தா, அந்த முதலீட்டுக்கு உண்டான லாபம் உங்க வருமானத்தோடவே சேர்க்கப்படும். எழுத்துப்பூர்வமா, நியாயமான வட்டியோட, கடனா கொடுத்தா நிலைமை வேற.

ஜிஎஸ்டி-யும் இந்த ரேக் கணக்கிலேயே வந்து நிக்குது. தினமும் நாலு வேலை, ரூ.1,500, 24 நாள், 12 மாசம்னா ரூ.17,28,000. சேவைத் தொழிலுக்கு நம்ம மாநிலத்தில் பதிவு வரம்பு ரூ.20 லட்சம். தீபாவளி, பொங்கல் சீசன்ல வேலை கூடினா தொட்டுடுவீங்க. நல்ல வேளை, உங்க சம்பளம் இதில் சேராது. பதிவு செஞ்சா 18 சதவீதம். வீட்டு வாடிக்கையாளருக்கு ரூ.1,500 பில் ரூ.1,770 ஆகும், அவரால திரும்ப எடுக்கவும் முடியாது. ரூ.50 லட்சம் வரைக்கும் 6 சதவீத எளிய முறை இருக்கு. அதில் பில்லில் வரி போட முடியாது, வாங்கின சாமானுக்கு இன்புட் கிரெடிட்டும் கிடையாது. ஆபீஸ், கம்பெனி காண்ட்ராக்ட் அதிகம்னா சாதாரணப் பதிவுதான் லாபம். சரக்கு வண்டிங்கிறதால வண்டி மேல கட்டின வரிக்கும் கிரெடிட் எடுக்கலாம், கார் மாதிரி தடை இல்ல.

வேலையை விடாம சனி, ஞாயிறு மட்டும் பண்ணலாம்னு இருக்கிறவங்களுக்கு: மாசம் எட்டு நாள்தான் உங்க கையில். அந்த எட்டு நாளும் நாலாவது வேலை கிடைச்சாலும் ரூ.8,000, ஈஎம்ஐ ரூ.12,900. மீதி 22 நாள் வண்டி வாசலில் நிக்கும். நீங்க சொந்த வண்டி வாங்காதீங்க. ஆறு கிரேட், ஒரு வாஷர், ஒரு வாக்குவம், நல்ல கேபிள். லோடு வண்டியைக் கூப்பிட்டா பத்து நிமிஷத்தில் ஏறுற மாதிரி வீட்டிலேயே அடுக்கி வைங்க. வார நாள்லயும் ஆள் போட்டு ஓட்டுற அளவுக்கு ஆர்டர் வரும்போது வண்டி ஷோரூம் எங்கேயும் ஓடிடாது.

ஒரு வேலைக்குக் கொட்டேஷன் எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம். அதுக்குள்ள அந்தச் சாக்பீஸ் படத்தை வரைஞ்சு வைங்க.